லிங்க் குடுத்துட்டா கிளாஸ் ஆயிடுமா

புகைமூட்டம் சீசன் வர்றதுக்கு முன்னாடியே இந்த வருஷம் எங்க டிபார்ட்மெண்ட்ல முழிச்சிக்கிட்டாங்க போல, ஒரு ஃபாரம் வந்திருக்கு. கேம்பஸை மூட வேண்டி வந்தா உங்க பாடத்தை எப்டி ஆன்லைனுக்கு மாத்துவீங்கன்னு எழுதிக் குடுக்கணுமாம். நல்ல விஷயம்தான்னு திறந்து பாத்தா மூணே மூணு கட்டம். எந்த பிளாட்ஃபார்ம், மீட்டிங் லிங்க் என்ன, அட்டெண்டன்ஸ் எப்டி எடுப்பீங்க. முடிஞ்சிச்சி. ஸ்டூடண்ட் எங்க உக்காந்திருப்பான், ஹென்போன்ல பாக்குறானா லேப்டாப்ல பாக்குறானா, பாடத்துல எது போகும் எது போகாது, டெஸ்டை என்ன பண்றது, எதுக்குமே கட்டம் இல்ல லா.

நான் கோலாலம்பூர்ல ஒரு பிரைவேட் யூனில பார்ட் டைமா ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கிறேன். பிசினஸ் படிக்கிற முதல் வருஷப் புள்ளைங்களுக்கு, பெரும்பாலானவங்களுக்கு இந்த சப்ஜெக்ட் புடிக்காது, கட்டாயம்ங்கறதால வருவாங்க. வீடு செந்தூல்ல, ஃப்ளாட்டு. எம்சிஓ, அதான் கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டுலயே இருக்க வெச்ச நடமாட்டக் கட்டுப்பாடு, அந்த நேரத்துல இங்க இருந்துதான் மொத்த செமெஸ்டரையும் ஓட்டினேன். அந்த ஃபாரத்தைப் பாத்ததும் அப்ப நடந்ததெல்லாம் ஞாபகம் வந்துச்சி, ஏன்னா அப்பவும் மேல இருந்து வந்த கேள்வி இதே மூணுதான்.

இப்ப சேர்ற புள்ளைங்க அப்ப ஸ்கூல்ல இருந்தவங்க, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். 2020 மார்ச் 16, திங்கக்கிழமை ராத்திரி பிரதமர் முஹிடின் டிவில வந்து சொன்னாரு, 18-ஆம் தேதில இருந்து எம்சிஓ. நடுவுல இருந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்ல ஊருக்குப் போயிடணும்னு பஸ் ஸ்டேஷன்லயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் எவ்ளோ கூட்டம்னு பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு வாரம்தானே, திரும்பி வந்துடுவோம்னு நெனச்சி புள்ளைங்க ஒரு பேக்ல நாலு துணியைப் போட்டுக்கிட்டு கெளம்பிட்டாங்க. டெக்ஸ்ட் புக், நோட்டு, கால்குலேட்டர், சில பேரோட லேப்டாப் உட்பட எல்லாம் ஹாஸ்டல் ரூம்லயே கெடந்துச்சி. கெளம்ப முடியாதவங்க ஹாஸ்டல்லயே மாட்டிக்கிட்டாங்க, ஏப்ரல் கடைசிலதான் அவங்களை கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அப்பறம் மே 27-ஆம் தேதி உயர்கல்வி அமைச்சு, வருஷ முடிவு வரைக்கும், அதாவது டிசம்பர் 31 வரைக்கும் பாடமெல்லாம் ஆன்லைன்லதான்னு அறிவிச்சிச்சி. லேப் இல்லாம முடியாதவங்க, வீட்டுல இன்டர்நெட்டே இல்லாதவங்க, இப்படி சில பேருக்கு மட்டும் விலக்கு.

அதாவது நான் பாடம் எடுத்தது நோட்டு இல்லாத, புக்கு இல்லாத, சிலருக்கு கம்ப்யூட்டரே இல்லாத ஒரு வகுப்புக்கு. ஆனா டைம்டேபிள் மட்டும் அப்படியே மாறாம இருந்துச்சி. செவ்வாய் ரெண்டு மணி நேரம் லெக்சர், வியாழன் ராத்திரி ஏழரைக்கு டியூட்டோரியல், எல்லாத்தையும் அதே நேரத்துல லைவா பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க.

முதல் வாரம் எப்டி இருந்துச்சின்னா, ஃப்ரீ ஸூம்ல நாப்பது நிமிஷத்துல கட் ஆயிடும், ஆன உடனே எல்லாரும் வெளிய போய் திரும்ப உள்ள வரணும், அதுல பத்து பேரு வரவே மாட்டாங்க. அப்பறம் யூனியே அக்கவுண்ட் வாங்கிக் குடுத்துச்சி, கட் ஆகறது நின்னுச்சி, ஆனா அது பெரிய பிரச்சினையே இல்லன்னு அப்பறம்தான் புரிஞ்சிச்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ்ங்கறது வாயால சொல்ற பாடம் இல்ல, எழுதிக் காட்டணும், ஒரு வரிக்கு அடுத்த வரி எப்டி வருதுன்னு கை ஓடறதைப் பாக்கணும். என்கிட்ட டேப்லெட் எல்லாம் இல்ல. மைலோ டின் ரெண்டை எடுத்து நடுவுல ஒரு ரூலரைக் குறுக்க வெச்சி, அதுல ஹென்போனை கவுத்துப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி, கீழ வெள்ளத் தாள் வெச்சி மார்க்கர்ல எழுதுவேன். கை நிழல் விழாம இருக்க டேபிள் லேம்ப்பை இடது பக்கம் வெக்கணும். ஃபேன் போட்டா தாள் பறக்கும், போடலன்னா செந்தூல் வெயில்ல ஃப்ளாட்டு என்னா கொதி கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா. இதெல்லாம் பழகிடுச்சி. பழகாதது அந்தப் பக்கம்தான்.

ஒரு பொண்ணு, கேமரன் மலைல ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வீட்டுல லைனே கெடைக்காது. அப்பா காய்கறி லோரி ஓட்டறவரு. மெயின் ரோட்டு முச்சந்தி கிட்ட லோரியைக் கொண்டு வந்து நிப்பாட்டினா ரெண்டு பார் லைன் வரும், அதுனால கிளாஸ் நேரத்துல அவரு லோரியோட அங்க நிப்பாரு, இவ முன் சீட்டுல உக்காந்து ஹென்போனை டேஷ்போர்டுல சாய்ச்சி வெச்சிப் பாப்பா. நோட்டு மடில. ஒரு நாள் கேமராவை ஆன் பண்ணச் சொல்லி வேற ஒரு லெக்சரர் கட்டாயப்படுத்தினாராம், ஆன் பண்ணிருக்கா, ஸ்டியரிங்கும் கோஸ் மூட்டையும் தெரிஞ்சிருக்கு, எவனோ சாட்ல சிரிப்பு எமோஜி போட்டிருக்கான். அதுக்கப்பறம் அந்தக் கிளாசுக்கே அவ போகல. எனக்கு இதைச் சொன்னது அவ ஃப்ரெண்டு, அந்தப் பொண்ணு வாயே தொறக்கல.

கேமராவை ஆன் பண்ணலன்னா படிக்கலன்னு அர்த்தம் இல்லங்க. ஒரே ரூம்ல மூணு தம்பி தங்கச்சி, பக்கத்துல பாட்டி படுத்திருக்காங்க, இதையெல்லாம் அறுபது பேருக்குக் காட்டணும்னு என்ன தலையெழுத்து. என் கிளாஸ்ல கேமரா கட்டாயம் இல்லன்னு முதல் வாரத்துலயே சொல்லிட்டேன்.

டேட்டா கணக்கு ஒண்ணு இருக்கு, அதை யாரும் பேசினதே இல்ல. அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதில இருந்து அரசாங்கம் சொல்லி டெலிகோ கம்பெனிங்க எல்லாருக்கும் தினம் 1 ஜிபி ஃப்ரீ டேட்டா குடுத்தாங்க, ஆனா காலைல எட்டு மணில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். ஆறுக்கு மேல அவங்கவங்க டாப்பப். என் டியூட்டோரியல் ஏழரைக்கு! வீடியோ ஓடினா ஒரு மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரைக்கும் போயிடும், அப்ப பிரீபெய்ட்ல இருக்கிற புள்ள என் டியூட்டோரியலுக்காக வாராவாரம் சொந்தக் காசு போடணும். அப்பா வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்திருக்கிற நேரத்துல. அஞ்சு வெள்ளி பத்து வெள்ளின்னு நமக்கு சின்னதாத் தெரியும், வீட்டுக்கு மூணு பேரு படிச்சா எங்க போறது. டைமை மாத்தலாமான்னு கேட்டேன், சிஸ்டம்ல அப்படித்தான் போட்டிருக்கு, மாத்தினா அட்டெண்டன்ஸ் கணக்கு இடிக்கும்னு பதில் வந்துச்சி.

அதுனால நானா ஒண்ணு பண்ணேன். லைவ் கிளாசை அரை மணி நேரமாச் சுருக்கிட்டு, பாடத்தை மத்த வழில அனுப்பினேன். எழுதிக் காட்டற ஒவ்வொரு கணக்கையும் தாள்ல எழுதி போட்டோ எடுத்து, கூடவே அதுக்கு ஒரு வாய்ஸ் நோட்டு. "இப்ப ரெண்டாவது வரியைப் பாருங்க, இங்க ஏன் ரூட் என் வந்துச்சின்னா"ன்னு பேசிக்கிட்டே போறது. பத்து நிமிஷ வாய்ஸ் நோட்டு ரெண்டு மூணு எம்பிக்குள்ள அடங்கிடும். பிடிஎஃப் ஒண்ணு ஒரு எம்பி. மத்தியானம் மூணு மணிக்கே டெலிகிராம் குரூப்ல போட்டுடுவேன், ஆறு மணிக்குள்ள எறக்கி வெச்சிக்கிட்டா ஃப்ரீ, எப்ப வேணா கேட்டுக்கலாம். லோரி முச்சந்திக்கு அஞ்சு நிமிஷம் வந்து போனாப் போதும்.

இதுல நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சி. அத நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது லைன் பிரச்சினை இல்ல, பாடப் பிரச்சினை.

நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் (சராசரிக்குப் பக்கத்துல நிறைய, ரெண்டு ஓரத்துலயும் கம்மியா இருக்கிற மணி மாதிரி வளைவு) எடுக்கும்போது எப்பவும் குடுக்கற கணக்கு: நாசி லெமாக் பொட்டலம் சராசரி 250 கிராம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரில இருந்து வழக்கமா எவ்ளோ விலகும்ங்கற அளவு) 10 கிராம், ஒரு பொட்டலம் 265 கிராமுக்கு மேல இருக்க வாய்ப்பு எவ்ளோ. 265-ல 250 போனா 15, பத்தால வகுத்தா 1.5, இதுக்குப் பேருதான் இஸட். இஸட் டேபிள்ல 1.5-க்கு எதிர்ல 0.9332-ன்னு இருக்கும். பாதிப் பேரு அதையே விடையா எழுதிடுவாங்க. டேபிள் குடுக்கறது வளைவுல அந்த எண்ணுக்கு இடது பக்கம் இருக்கிற பங்கு, நமக்கு வேண்டியது வலது பக்கம், அப்ப ஒண்ணுல இருந்து கழிக்கணும், 0.0668. ஹால்ல எடுக்கும்போது "புரிஞ்சிச்சா"ன்னு கேட்டா எல்லாத் தலையும் ஆடும், டெஸ்ட்ல பாத்தா 0.9332. யோசிச்சிப் பாக்கக்கூட மாட்டாங்க, சராசரி 250 இருக்கறப்ப 265-க்கு மேல நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு பொட்டலம் எப்டி இருக்கும்னு.

எம்சிஓல நான் கேட்டது, கணக்கைப் போட்டு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்க. அனுப்பினாங்க. அதே 0.9332. நான் அந்த போட்டோ மேலயே செவப்புல ஒரு மணி மாதிரி வளைவு வரைஞ்சி, வலது வால்ல மட்டும் கோடு கோடாப் போட்டு, "இந்த இத்துனூண்டு எடத்துல 93 பெர்சன்ட் எப்டி மா உக்காரும்"னு முப்பது செகண்ட் பேசி திருப்பி அனுப்பினேன். உடனே கேள்வி வந்துச்சி. ஹால்ல மூணு வருஷமா எவனும் கேக்காத கேள்வி. "மிஸ், அப்ப மைனஸ் இஸட் வந்தா என்ன பண்றது", "மிஸ், டேபிள்ல ஏன் இடது பக்கம் மட்டும் குடுக்கறாங்க", "மிஸ், என் டேபிள்ல 0.4332-ன்னு இருக்கு, தப்பான டேபிளா?" கடைசிக் கேள்வி கேட்ட பையன் நெட்ல இருந்து வேற டேபிள் எறக்கியிருக்கான், அது நடுவுல இருந்து எண்ணற டேபிள், ஹாஸ்டல்ல புக்கை விட்டுட்டு வந்ததால. லைவ் கிளாஸ்ல அவன் பேசாம உக்காந்திருப்பான், எக்ஸாம்ல எல்லாமே 0.5 வித்தியாசத்துல தப்பாப் போட்டிருப்பான்.

அறுபது பேர் முன்னாடி கேக்க வெக்கப்படற புள்ள தனி மெசேஜ்ல கேக்குது. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கேக்குது, அது ஒரு தொல்லைதான், ஆனா கேக்குது. மலாய் பையன், சீனப் பொண்ணு, நம்ம புள்ளைங்க, எல்லாருமே அப்படித்தான். நம்ம புள்ளைங்க மட்டும் வாய்ஸ் நோட்டுல தமிழ்ல கேப்பாங்க, நானும் தமிழ்லயே சொல்லிடுவேன், ஸ்டாடிஸ்டிக்ஸ் தமிழ்ல இவ்ளோ சுலபமா வரும்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சிச்சி.

சரி, எல்லாப் பாடத்துக்கும் இது ஓடுமான்னா ஓடாது. கெமிஸ்ட்ரி லேப் எடுக்கிற என் சிநேகிதி டைட்ரேஷனை (ஒரு கரைசலை சொட்டுச் சொட்டா இன்னொண்ணுல விட்டு அளக்கறதை) வீடியோவாக் காட்டினா, கடைசி சொட்டுல கலர் மாறறது திரைல தெரியுது, ஆனா பியூரெட் குழாயை எந்த எடத்துல இறுக்கணும்ங்கறது விரலுக்குத் தெரியணுமே. அதெல்லாம் கேம்பஸ் திறந்ததும் ரெண்டு வாரம் ஒதுக்கி மொத்தமாப் பண்ண வேண்டியது. ஃபாரத்துல "ஒத்திப்போட வேண்டியவை"ன்னு ஒரு கட்டம் இருந்தா அவ எழுதியிருப்பா. இல்லாததால "விர்ச்சுவல் லேப்"னு எழுதி வெச்சிருக்கா பாவம்.

எக்ஸாம்தான் பெரிய கூத்து. அந்த ஜூன் மாசம் சபால பீத்தாஸ் பக்கம் ஒரு பொண்ணு ஆன்லைன் எக்ஸாம் எழுத லைன் தேடி மரத்து மேல ஏறி ராத்திரி முழுக்க அங்கயே தங்கின வீடியோ வந்துச்சே, நாடே பாத்துச்சி. ஆஹா என்னா விடாமுயற்சின்னு எல்லாரும் ஷேர் பண்ணாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சி. அந்தப் புள்ள மேல இல்ல. எக்ஸாமை இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும்னு கடிகாரத்துல கட்டி வெச்சாதான் மரம் ஏறணும். ஒரு நாள் முழுக்க டைம் குடுத்தா, லைன் கெடைக்கிற எடத்துக்கு ஒரு தடவ போயி கேள்வியை எறக்கிக்கிட்டு, வீட்டுல எழுதி, திரும்பப் போயி ஏத்தினாப் போதாதா.

காப்பி அடிப்பாங்களேன்னு சொல்வாங்க. அடிப்பாங்கதான், ஹால்லயும் அடிக்கறாங்க. நான் பண்ணது, கணக்குல சராசரியை "50 கூட்டல் உங்க மேட்ரிக் நம்பரோட கடைசி ரெண்டு எண்"ணுன்னு குடுத்துட்டேன், மேட்ரிக் நம்பர்னா ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் யூனி குடுக்கற நம்பர். ஆளாளுக்கு வேற வேற விடை. பக்கத்து ஆளோடதைப் பாத்து எழுதினா அங்கயே மாட்டிக்குவான். அதுக்கு மேல சந்தேகமா இருந்தா போன் போட்டு அஞ்சு நிமிஷம், "நீ மூணாவது வரில ஏன் ஒண்ணுல இருந்து கழிச்ச"ன்னு கேட்டாப் போதும், எழுதினவன் சொல்லிடுவான், எழுதாதவன் "லைன் சரியில்ல மிஸ்"ம்பான்.

எம்சிஓ ஒரு தடவதானே, இனிமே எங்க வரப்போகுதுன்னு நெனக்கறவங்களுக்கு ஒண்ணு. எதுவுமே சொல்லிட்டு வரல. அதே 2020 அக்டோபர் 2, புள்ளைங்க நேர்ல வந்து ரெஜிஸ்டர் பண்றதை ஒத்திப் போடுங்கன்னு யூனிகளுக்கு ராத்திரில சொன்னாங்க, அதுக்குள்ள எத்தனையோ குடும்பம் காடி எடுத்துக்கிட்டு பாதி தூரம் வந்தாச்சி. செப்டம்பர்ல ஆத்துல எவனோ கழிவைக் கொட்டி கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணி இல்லாம கெடந்துச்சி, நான் வாளித் தண்ணிய எண்ணிக்கிட்டே ஹைபோதிசிஸ் டெஸ்டிங் எடுத்தேன். 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடால வீட்டுக்குள்ள தண்ணி ஏறினப்ப லேப்டாப்பும் சேந்து போன புள்ளைங்க எனக்கே தெரியும். புகைமூட்டம் 2015-லயும் 2019-லயும் எப்டி இருந்துச்சி, ஏபிஐ, அதான் காத்து மாசுக் குறியீடு, 200-ஐத் தாண்டினா ஸ்கூலை மூடறாங்க, யூனிக்காரன் மூக்கு மட்டும் இரும்புலயா செஞ்சிருக்கு. வெள்ளத்துல கரண்ட்டே இருக்காது, அங்க லைவ் லிங்க்கை வெச்சிக்கிட்டு என்ன பண்றது. டெலிகிராம்ல கெடக்கிற வாய்ஸ் நோட்டு ஒரு வாரம் கழிச்சிக் கேட்டாலும் அங்கதான் இருக்கும்.

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் லைவ் லிங்க், அட்டெண்டன்ஸ்னே கேக்கறாங்கன்னு ரொம்ப நாளா எனக்குப் புரியல. எம்சிஓ முடிஞ்சி சம்பள ஸ்லிப்பைப் பாத்தப்பதான் புரிஞ்சிச்சி. லைவ் கிளாசைத்தான் ஆபீஸால எண்ண முடியும். எத்தன மணி நேரம் ஓடிச்சி, எத்தன பேரு உள்ள இருந்தாங்க, ரெண்டும் ரிப்போர்ட்ல தானா வந்துடும். வாய்ஸ் நோட்டை யாரு எண்ணுவா. போட்டோல செவப்பு வளைவு வரைஞ்சதுக்கு எந்த ரிப்போர்ட்ல கட்டம் இருக்கு. பார்ட் டைம் ஆளுங்களுக்கு மணிக்கணக்கு சம்பளம். நான் லெக்சரை ரெண்டு மணி நேரத்துல இருந்து அரை மணி நேரமாச் சுருக்கினதும் சிஸ்டம்ல நான் அரை மணி நேரம் வேலை பாத்த ஆளு, மிச்சம் கட். தயாரிச்சது, ரெக்கார்ட் பண்ணது, ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பதில் சொன்னது எல்லாம் என் பொழுதுபோக்கு போல. கேட்டதுக்கு, "நீங்க கிளாசை சுருக்கிட்டீங்களே மிஸ்"னாங்க. என் கூட இருந்த இன்னொரு டியூட்டர் புத்திசாலி, ரெண்டு மணி நேரமும் லிங்க்கைத் திறந்து வெச்சி ஸ்லைடைப் படிச்சிட்டுப் போயிடுவாரு, முழு சம்பளம். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கும் வீட்டு வாடகை இருக்கு.

அதுனால இந்தத் தடவ ஃபாரத்தோட பின் பக்கத்துல நாலு வரி எழுதியிருக்கேன். லைவ் நேரம் அரை மணி, மிச்சம் ஒன்றரை மணி நேரம் பாடப் பொதி (போட்டோ, வாய்ஸ் நோட்டு, பிடிஎஃப்) தயாரிக்க, அதுக்கும் அதே மணிக் கணக்குல சம்பளம், புகைமூட்டம் வந்தப்பறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடியே மூணு வாரத்துக்கானதைத் தயார் பண்ணி வெக்க இப்பவே அனுமதி. புரோகிராம் ஹெட் பாத்துட்டு ஃபைனான்ஸ்ல கேக்கணும்னு சொல்லியிருக்காரு. ஃபைனான்ஸ்ல இருந்து முதல் கேள்வி வந்தாச்சி, பாடப் பொதிக்கு அட்டெண்டன்ஸ் எப்டி எடுப்பீங்கன்னு. புள்ளைங்க அனுப்புற கணக்கு போட்டோதான் அட்டெண்டன்ஸ், வாரத்துக்கு ஒண்ணு, தேதியோட இருக்குன்னு பதில் போட்டிருக்கேன்.